ரத்தத்தில் சேராத கீரை

மார்ச் மாதத்திலிருந்து ஜெசிந்தாவை ஆபீசுக்குள்ளேயே உட்கார வைத்துவிட்டார்கள். அதற்கு முன் ஒன்பது வருடம் அவள் பார்த்தது வெளி வேலை. அடையாறில் இருக்கும் அந்த உணவு ஆராய்ச்சி நிலையத்தின் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு மயிலாப்பூர் சந்துகளிலும் ராஜா அண்ணாமலைபுரத்து அடுக்குமாடிகளிலும் ஏறி இறங்குவாள். கதவைத் தட்டி, முந்தின நாள் காலையிலிருந்து அந்த வீட்டுக்காரர்கள் வாயில் போட்டது எல்லாவற்றையும் ஒன்று விடாமல் கேட்டு எழுதிக்கொண்டு வருவாள். அரை இட்லியா, முக்கால் இட்லியா என்பதுவரை விடமாட்டாள்.

பிப்ரவரியில் அவள் கணவன் பாரத் இறந்துபோனான். ஒரு ஞாயிற்றுக்கிழமை, சாந்தோம் கோயிலில் பூசை முடிந்து வந்து, தினசரியை விரித்துக்கொண்டு உட்கார்ந்தவன் அப்படியே சாய்ந்துவிட்டான். முப்பதாம் நாள் பூசை முடிந்து வேலைக்குத் திரும்பியவளைப் பார்த்து, நிலையத்தில் அந்தப் பிரிவுக்குத் தலைவரான டாக்டர் ஸ்ரீஹரி, "வெயில்ல அலைய வேண்டாம் ஜெசிந்தா. கொஞ்ச நாள் உள்ள உக்காந்து டேட்டா சரிபாருங்கோ" என்றார். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். ஜெசிந்தா தலையாட்டினாள். அந்த நாட்களில் யார் என்ன சொன்னாலும் அவள் தலையாட்டிக்கொண்டுதான் இருந்தாள். துக்கம் விசாரிக்க வந்தவர்கள் காபி கேட்டால் காபி போட்டாள். அழச் சொன்னவர்களுக்கு மட்டும் அவளால் எதுவும் செய்ய முடியவில்லை.

அவர்கள் செய்துகொண்டிருந்த ஆய்வு இதுதான். உப்பு, இரும்பு, சுண்ணாம்புச் சத்து போன்றவற்றுக்கு ஒருவருக்கு ஒரு நாளைக்கு இவ்வளவு வேண்டும் என்று சொல்லிவிடலாம். குறைந்தால் இன்ன வியாதி வரும் என்று தெரியும். ஆனால் காய்களிலும் கீரைகளிலும் வேறு எத்தனையோ பொருள்கள் இருக்கின்றன. குறைந்தால் யாரும் படுத்துவிடுவதில்லை. தினமும் சேர்ந்தால் கண்ணுக்கு நல்லது, ரத்தக் குழாய்களுக்கு நல்லது என்று மட்டும் தெரிகிறது. அப்படிப்பட்டவற்றுக்கு அளவு சொல்வது எப்படி? ஒரு நிபுணர் குழு கூடி, முதலில் லூட்டின் என்ற ஒன்றை எடுத்துக்கொண்டது. கீரையின் பச்சைக்குள் மறைந்திருக்கும் மஞ்சள் அது. கண்ணின் நடுப்பகுதியில் போய்த் தங்குவது. மக்கள் எவ்வளவு கீரை தின்கிறார்கள், தின்றதில் எவ்வளவு ரத்தத்தில் சேர்கிறது, இந்த இரண்டும் தெரிந்தால் ஒரு அளவுக்கு வந்துவிடலாம் என்று முடிவாயிற்று. முந்நூற்றுப் பன்னிரண்டு பேரிடம் சாப்பாட்டைக் கேட்டு எழுதினார்கள். ஆளுக்கு ஒரு குப்பி ரத்தமும் எடுத்தார்கள். எழுதியதில் பாதிக்கு மேல் ஜெசிந்தாவின் கையெழுத்து.

ஏப்ரலில் ஒரு செவ்வாய்க்கிழமை நிலா ஒரு தாளைக் கொண்டுவந்து அவள் மேஜைமேல் வைத்தாள். நிலா அங்கே புள்ளிவிவரம் பார்க்கும் பெண். இருபத்தாறு வயது. எதையும் வேகமாகச் சொல்லிவிட்டு அதே வேகத்தில் மறந்துவிடுகிறவள்.

"அக்கா, இந்தப் பதினோரு பேரைப் பாருங்க. வாரத்துல அஞ்சு நாள், ஆறு நாள் கீரை சாப்பிடறேன்னு சொல்லியிருக்காங்க. ரத்தத்துல பார்த்தா ஒண்ணுமே இல்ல. கீரையைக் கண்ணால பார்க்காதவங்க மாதிரி இருக்கு."

"பொய் சொல்லிருக்காங்கன்றியா?"

"பொய்னு சொல்ல முடியாதுக்கா. நீங்க பையை மாட்டிக்கிட்டுப் போய் நிக்கறீங்க. கௌரவமா ஒரு பதில் சொல்லணும்ல? பல்லு விளக்கினியான்னு கேட்டா யாராவது இல்லேன்னு சொல்லுவாங்களா? பழைய ஃபாரத்தை ஒரு தடவை பார்த்துடுங்க. எழுதினதுல தப்பில்லேன்னா இவங்களை எடுத்துடலாம்."

தாளில் பெயர் கிடையாது, எண்கள் மட்டும். நான்காவதாக இருந்தது 214.

அந்த எண் யாருடையது என்று ஜெசிந்தாவுக்குத் தெரியும். பகல் வேளையில் வீட்டில் ஆம்பளைகள் அகப்படுவதில்லை என்பதால் நிலையத்தில் வேலை செய்கிறவர்களின் கணவன்மார்களையும் சேர்த்துக்கொள்ளலாம் என்று போன வருடம் அக்டோபரில் சொல்லியிருந்தார்கள். ஒரு நிபந்தனை, அவரவர் வீட்டு ஆளிடம் அவரவரே கேட்டு எழுதக் கூடாது. இன்னொருவர் போய் எழுத வேண்டும். அந்த இன்னொருவருக்கு அந்த வாரம் டெங்கு காய்ச்சல். ரத்தம் எடுக்கும் தேதி வேறு நெருங்கிவிட்டது. ஜெசிந்தாவே தன் வீட்டுச் சமையலறையில் உட்கார்ந்து கேட்டு எழுதிவிட்டாள்.

ஃபாரங்கள் அடுக்கிய இரும்பு அலமாரியிலிருந்து அதை எடுத்தாள். நீல மையில் அவளுடைய எழுத்து. அன்றைக்கு பாரத் கேஸ் சிலிண்டர்மேல் உட்கார்ந்துகொண்டு, "நீயே ஆக்கிப் போட்டுட்டு நீயே இன்னா சாப்டேன்னு கேக்கறியா?" என்று சிரித்தான். சும்மா சொல்லு என்று அதட்டியதும் கையைக் கட்டிக்கொண்டு, "மேடம், மத்தியானம் முருங்கக்கீரை. நேத்து அரைக்கீரை. முந்தாநேத்து மறுபடியும் முருங்க. நாளிக்கி இன்னா கீரைன்னு மேடத்துக்குத்தான் தெரியும்" என்றான். அவள் அப்படியே எழுதிக்கொண்டாள்.

இதெல்லாம் நினைவில் இருந்தது. இருந்தும், மூடிய கண்ணாடிக்கு அந்தப் பக்கம் யாரோ இருவர் பேசிக்கொண்டிருப்பதைப் பார்ப்பதுபோலத்தான் இருந்தது. அவள் தாளை மூடி, தேதியையும் கையெழுத்தையும் சரிபார்த்தாள். எழுதினதில் தப்பில்லை.

அப்படியானால் அவன் சொன்னதில் தப்பு இருக்க வேண்டும். காலையில் அவள் கட்டிக் கொடுக்கும் டிபன் பாக்ஸ் சாயங்காலம் கழுவித் துடைத்துத் திரும்பி வரும். கீரையைக் குப்பையில் கொட்டினானா, வேறு யாருக்காவது கொடுத்தானா, பாக்ஸுக்குத் தெரியாது. ஜெசிந்தாவுக்கு இதில் கோபமோ வருத்தமோ வரவில்லை. தெரிந்துகொள்ள வேண்டும் என்று மட்டும் இருந்தது. ஃபாரத்தில் ஒரு கட்டம் நிரப்பாமல் விட்டிருந்தால் மறுபடி அந்த வீட்டுக்குப் போய்க் கேட்பாளே, அதுபோல.

மறுநாள் அரை நாள் லீவு போட்டுவிட்டுத் தி.நகருக்குப் போனாள். பாரத் லிப்ட் மெக்கானிக். பனகல் பூங்காவுக்குப் பின்னால் ஒரு சந்தில் அவர்கள் கம்பெனியின் சின்ன ஆபீஸ். லிப்ட் வேலைக்கு எப்போதும் இரண்டு இரண்டு பேராகத்தான் போவார்கள். பதினாலு வருடமாக பாரத்தின் ஜோடி ஷரீஃப். திருவல்லிக்கேணிக்காரன். பாரத்தின் சவப்பெட்டியைத் தூக்கியவர்களில் அவனும் ஒருவன்.

அவளைப் பார்த்ததும் ஷரீஃப் கையிலிருந்த கிரீஸைத் துணியில் துடைத்துக்கொண்டே வெளியே வந்தான்.

"வாங்க அண்ணி. ஒரு ஃபோன் போட்டா நானே வந்திருப்பேனே. பாப்பா ஏஞ்சலுக்கு எதுனா?"

"அவ நல்லாத்தான் கீறா. உன்னாண்ட ஒண்ணு கேக்கணும் தம்பி."

எதிர் டீக்கடையில் ஒரு பெஞ்சைக் காலி செய்து அவளை உட்கார வைத்தான். டீ வந்தது. ஜெசிந்தா நேராகக் கேட்டாள்.

"அவரு மத்தியானத்துல நான் குட்த்து வுட்ட சாப்பாட்ட சாப்டுவாரா?"

ஷரீஃப் அவள் முகத்தையே பார்த்தான். "இன்னா அண்ணி, இப்பப் போயி."

"ஆபீஸ் வேலை. நான் எழுதினது சரியான்னு பாக்கணும். கீரைய சாப்டுவாரா?"

"சாப்டுவான்."

"கொட்டிருந்தா கொட்டினான்னு சொல்லு. எனக்கு ஒண்ணும் இல்ல."

"அல்லா மேல ஆணையா கொட்டல அண்ணி. மொதல்ல அதத்தான் துண்ணுவான். மருந்து மாரி இத மொதல்ல முழுங்கிடணும் நைனா, அப்பாலதான் சோறும்பான்." ஷரீஃப் டீ கிளாஸை இந்தக் கைக்கும் அந்தக் கைக்கும் மாற்றிக்கொண்டான். "வைக்கோல் துண்ற மாரி கீதுன்னு சிரிப்பான். உங்கள குறை சொல்லல அண்ணி, தமாசுக்குத்தான். எங்க அம்மா சால்னா குட்த்து வுடும். அமீனா பீ கை சால்னான்னா எங்க தெருவுல அப்டி ஒரு பேரு. ஒரு ஸ்பூன் கீரை மேல ஊத்திக்கடா, தொண்டைல எறங்கும்னு எத்தினி தபா சொல்லிருக்கேன். வேணாம்னுடுவான். ஜெசி எண்ணெ டப்பாவையே தூக்கிப் பரண் மேல வெச்சிட்டா, அவ அங்க அப்டி கஷ்டப்படும்போது நான் இங்க ஏமாத்தினா நல்லா இருக்காதும்பான். ஒரு நாளு கூட ஊத்திக்கல."

ஜெசிந்தா டீயைப் பார்த்தாள். மேலே ஆடை படிய ஆரம்பித்திருந்தது.

ரெண்டு வருடத்துக்கு முன் பாரத்துக்கு முதல் தடவை நெஞ்சுவலி வந்து ஸ்டென்ட் வைத்தார்கள். வீட்டுக்கு அனுப்பும்போது கொடுத்த தாளில் எண்ணெய், உப்பு, பொரித்தது எதுவும் கூடாது என்று இருந்தது. குறைத்துக்கொள்ளுங்கள் என்றுதான் டாக்டர் வாயால் சொன்னார். ஜெசிந்தாவுக்குப் பாதிக் காரியம் பிடிக்காது. அன்றைக்கே கடலை எண்ணெய், நல்லெண்ணெய் இரண்டையும் கட்டிப் பரணில் ஏற்றிவிட்டாள். கீரையைத் தண்ணீரில் வேகவைத்து, ஒரு சிட்டிகை உப்புப் போட்டு, பிழிந்து எடுத்துப் பாக்ஸில் வைத்தாள். தாளிதம் கிடையாது, தேங்காய் கிடையாது. இரண்டு வருடம், ஞாயிற்றுக்கிழமை தவிர ஒரு நாள் விடவில்லை.

லூட்டின் எண்ணெயில் கரைவது. கூடவே கொஞ்சம் கொழுப்பு உள்ளே போனால்தான் குடலிலிருந்து ரத்தத்துக்கு ஏறும். இல்லாவிட்டால் வந்த வழியே போய்விடும். இது அவள் மனையியல் படித்த முதல் வருடப் புத்தகத்திலேயே இருந்தது. பரீட்சையில் எழுதி மார்க்கும் வாங்கியிருக்கிறாள். வீட்டு அடுப்புக்கு முன்னால் நின்றபோது ஒரு தடவைகூட அது ஞாபகத்துக்கு வந்ததில்லை.

அது உறைத்தபோது நெஞ்சு அடைக்கும், கண் இருட்டும் என்றெல்லாம் எதிர்பார்த்துச் சற்று நேரம் காத்திருந்தாள். எதுவும் நடக்கவில்லை. தெருவில் புடவைக் கடைப் பைகளோடு ஜனங்கள் போய்க்கொண்டிருந்தார்கள்.

"அண்ணி, நான் எதுனா தப்பா சொல்லிட்டனா?"

"இல்ல தம்பி. கேக்க வேண்டியத கேட்டாச்சி" என்று எழுந்தாள்.

அடுத்த இரண்டு நாள் அவள் பதினோரு பேரின் ஃபாரங்களையும் பிரித்து வைத்துக்கொண்டாள். ஒவ்வொன்றிலும் கடைசிப் பக்கத்தில் சமைத்த விதம் என்று ஒரு பகுதி உண்டு. எதில் வதக்கினீர்கள், என்ன எண்ணெய், எத்தனை ஸ்பூன். கேட்டு எழுதினார்களே தவிர அதைக் கணினியில் ஏற்றவில்லை. நேரமில்லை, பிறகு பார்க்கலாம் என்று விட்டிருந்தார்கள். பதினொன்றில் ஏழு ஃபாரங்களில் எண்ணெய் என்ற இடத்தில் இல்லை என்று இருந்தது. ஒன்றில் பித்தப்பை ஆபரேஷன், இன்னொன்றில் கல்லீரல், மற்றதெல்லாம் நெஞ்சு. 214-இலும் இருந்தது. எண்ணெய்: இல்லை. அவளே எழுதி, கீழே ஒரு கோடும் போட்டிருந்தாள். அப்போது அதில் கொஞ்சம் பெருமை இருந்திருக்க வேண்டும்.

மீதி நாலு பேரின் விஷயம் அவளுக்குப் பிடிபடவில்லை. அவர்கள் நிலா சொன்ன மாதிரி கௌரவத்துக்குச் சொன்னவர்களாக இருக்கலாம்.

வெள்ளிக்கிழமை டாக்டர் ஸ்ரீஹரியின் அறைக்கு ஃபாரங்களோடு போனாள். ஏழையும் வரிசையாக மேஜைமேல் வைத்து, விஷயத்தைச் சொன்னாள். அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு ஒவ்வொன்றாகப் படித்தார்.

"இதை நாம முன்னாடியே பார்த்திருக்கணும்" என்றார். "எங்காத்துலயும் அப்பாவுக்கு இப்படித்தான் பண்ணிண்டிருக்கோம். ஆவில வேகவெச்சு, அப்படியே தட்டுல..." நிறுத்திவிட்டு, ஜன்னல் பக்கம் பார்த்தார். பிறகு மறுபடி ஃபாரங்களுக்கு வந்தார். "வெரி குட் ஜெசிந்தா."

"இன்னொண்ணு இருக்கு சார். இந்த 214 என் வீட்டுக்காரர். ஃபாரம் நான்தான் எழுதினேன். வேற ஆள் எழுதியிருக்கணும்."

ஸ்ரீஹரி அந்தத் தாளை மற்றவற்றிலிருந்து பிரித்து எடுத்தார். எங்கே வைப்பது என்று தெரியாதவர்போலக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

"ஜெசிந்தா, இது... ரூல்படி இதை வெச்சுக்க முடியாது. தெரியுமில்லையா?"

"தெரியும் சார்."

"இது இல்லாமலும் ஆறு பேர் இருக்கா. விஷயம் நிக்கும்." தாளை மேஜைமேல் வைத்துவிட்டு, "நிலாவை எடுத்துடச் சொல்றேன். நீங்க பார்க்க வேண்டாம்" என்றார்.

"நானே எடுத்துடறேன் சார். டேட்டா இப்ப என் பொறுப்புலதான இருக்கு."

தன் இடத்துக்கு வந்து கணினியைத் திறந்தாள். 214-ஆம் வரி. வயது 49, ஆண், எடை, உயரம், கீரை வாரத்துக்கு ஆறு நாள், ரத்தத்தில் இவ்வளவு. எல்லாம் ஒரே வரியில் இருந்தது. வரியைத் தேர்ந்தெடுத்து நீக்கச் சொன்னதும், நிச்சயமாக நீக்கவா என்று கணினி ஒரு தடவை கேட்டது. நீக்கினாள். கீழே மொத்தம் 311 என்று மாறியது. காரணம் எழுதும் கட்டத்தில், நேர்காணல் விதிமுறை மீறல் என்று எழுதி, தன் பெயரைப் போட்டாள். பிறகு மணி பன்னிரண்டரை ஆகியிருந்ததால் சாப்பிடப் போனாள். தயிர் சாதம். பிப்ரவரியிலிருந்து தினமும் அதுதான். எந்த ருசியும் தெரியாதபோது தயிர் சாதத்துக்கு மேல் எதற்கு என்று விட்டுவிட்டாள்.

ஆறு பேரை வைத்துக்கொண்டு குழுவை நம்பவைக்க முடியாது. அதனால் ஜூன் மாதம் ஒரு சோதனை வைத்தார்கள். முப்பது பேரைத் திரட்டி, நாலு வாரம், தினமும் மதியம் நிலையத்திலேயே கீரை போடுவது. பதினைந்து பேருக்கு வெறும் தண்ணீரில் வெந்த கீரை. பதினைந்து பேருக்கு அதே கீரை, அதே அளவு, ஆளுக்கு ஒரு தேக்கரண்டி நல்லெண்ணெய். முதலிலும் முடிவிலும் ரத்தம். சமையலை யார் பார்ப்பது என்ற பேச்சு வந்தபோது எல்லாரும் ஜெசிந்தாவைப் பார்த்தார்கள். ஸ்ரீஹரி மட்டும் பார்க்கவில்லை. அவள் பார்க்கிறேன் என்றாள்.

தினமும் காலை எட்டு மணிக்குக் கட்டுக் கட்டாக அரைக்கீரை வந்து இறங்கும். ஆய்ந்து, அலசி, தராசில் நிறுத்து, இரண்டு அண்டாவில் பிரித்துப் போடுவார்கள். உப்பு சரியா என்று வாயில் போட்டுப் பார்க்க ஜெசிந்தாவால் முடியவில்லை. அதையும் நிறுத்தே போட்டாள். ஒரு மணிக்கு முப்பது பேரும் இரண்டு வரிசையாக உட்காருவார்கள். எண்ணெய் இல்லாத வரிசையில் பக்கத்துக் கட்டடத்துக் காவல்காரர் மண்ணாங்கட்டியும் இருந்தார். அவருக்கு முன் பிறந்த மூன்று பிள்ளைகளும் தங்காததால் அப்படிப் பேர் வைத்தார்களாம். அறுபது வயது, பல் பாதி இல்லை, வாய் மட்டும் ஓயாது.

"எம்மா, அந்தாண்ட வாசன தூக்கிக்கினு வருது. இந்தாண்ட குந்திகினு கீறவன்லாம் இன்னா பாவம் பண்ணான்?"

"நாலு வாரந்தான் பெரியவரே."

"நாலு வாரமா? எம்மா, ரெண்டு நாள்லயே நாக்கு செத்துப் போச்சி. இத்த வருசக் கணக்கா துண்றவன்லாம் கீறானா?"

"கீறாங்க" என்றாள் ஜெசிந்தா.

"அவன் மன்சனே இல்ல, மகான்" என்று சொல்லிவிட்டு மண்ணாங்கட்டி கீரையை வழித்துச் சாப்பிட்டு முடித்தார். முடித்ததும் தினமும் தட்டைச் சாய்த்து அவளிடம் காட்டுவார், பார், ஒன்றும் மிச்சமில்லை என்று. ஜெசிந்தா அவர் எண்ணுக்கு எதிரே முழுதும் உண்டார் என்று குறித்துக்கொண்டு அடுத்த ஆளுக்கு நகர்வாள்.

ஆகஸ்டில் முடிவு வந்தது. நிலா திரையில் இரண்டு கோடுகளைக் காட்டினாள். எண்ணெய் சேர்த்தவர்களின் கோடு நன்றாக மேலே போயிருந்தது. மற்றது கொஞ்சம் தலைதூக்கிவிட்டுப் படுத்துக் கிடந்தது. வழக்கமாக இந்த மாதிரி நேரத்தில் நிலா நாற்காலியில் ஒரு சுற்றுச் சுற்றுவாள். அன்றைக்குச் சுற்றவில்லை. 214 யார் என்று அவளுக்கு எப்படியோ தெரிந்திருந்தது.

"அக்கா..."

"ரெண்டு பிரிண்ட் எடுத்து வெச்சிடு நிலா. ஒண்ணு சாருக்கு, ஒண்ணு ஃபைலுக்கு."

செப்டம்பரில் குழு கூடியது. நீள மேஜையைச் சுற்றிப் பத்துப் பன்னிரண்டு பேர். கேள்வி வந்தால் ஃபாரங்களை எடுத்துக் கொடுப்பதற்காக ஜெசிந்தா சுவர் ஓரமாக உட்கார்ந்திருந்தாள். அளவைப் பற்றிய பேச்சு சீக்கிரமே ஒரு முடிவுக்கு வந்தது. தினமும் ஒரு கிண்ணம் வெந்த கீரை, அதற்குச் சமமான லூட்டின் இத்தனை மில்லிகிராம். அறிக்கை வரைவில் கீரையோடு எண்ணெய் சேர்க்கச் சொல்லும் வரியில்தான் பேச்சு வந்து நின்றது. டாக்டர் ஷ்ரவண் என்ற இருதய மருத்துவர் பேனாவால் அந்த வரியைத் தட்டினார்.

"இதை எழுதினீங்கன்னா நாளைக்கு என் பேஷண்ட்ஸ் எல்லாம் இதைக் காட்டி வடை சாப்பிடுவாங்க. எண்ணெயைக் குறைங்கன்னு சொல்லிச் சொல்லி எங்களுக்கு வாய் வலிக்குது. அதோட, நம்ம ஊர்ல யார் எண்ணெயே இல்லாம கீரை சமைக்கிறாங்க? இல்லாத பிரச்சனைக்கு ஒரு வரி எதுக்கு?"

ஸ்ரீஹரி வாயைத் திறப்பதற்குள், ஒரு குரல் பதில் சொல்லியது. ஜெசிந்தாவுக்கே அது தன் குரல் என்று தெரியச் சற்று நேரமாயிற்று.

"சமைக்கிறாங்க சார். நீங்க குறைங்கன்னு சொல்றீங்க. வீட்ல பயத்துல முழுசா நிறுத்திடறாங்க. ஒரு தடவை நெஞ்சுவலின்னு ஆஸ்பத்திரிக்குப் போய் வந்த வீட்ல அரை ஸ்பூன் ஊத்தவும் கை வராது சார். நல்லது பண்றோம்னு நினைச்சு கீரையை மட்டும் நிறையக் குடுப்பாங்க. நான் வீடு வீடாப் போய் எழுதினவ. ஆறு ஃபாரம் இங்கயே இருக்கு. பார்க்கறீங்களா?"

ஷ்ரவண் திரும்பி அவளைப் பார்த்தார். கையை நீட்டி ஃபாரங்களை வாங்கிக்கொண்டார். ஆறையும் படித்தார். நாலாவதில் கொஞ்சம் நின்றார். அவர் நோயாளியாகவும் இருக்கலாம், யார் கண்டது. கடைசியில், "ஒரு தேக்கரண்டின்னு தெளிவா எழுதுங்க. எண்ணெயைக் குறைக்கச் சொல்லப்பட்டவங்களும் இதை அடியோட விட வேண்டியதில்லைன்னு சேர்த்துக்குங்க" என்றார்.

வரி நின்றது. கூட்டம் முடிந்து எல்லாரும் போண்டாவும் காபியும் சாப்பிட்டார்கள். ஸ்ரீஹரி அவள் பக்கம் வந்து, "நன்றி சொல்ற பக்கத்துல உங்க பேரைப் போடலாம்னு இருக்கேன்" என்றார். வெளி வேலைக்குப் போன எல்லார் பேரையும் போடுங்கள் என்று சொல்லிவிட்டு ஜெசிந்தா பஸ் ஏறினாள்.

அந்த அறிக்கையின் ஒரு பிரதி அவள் கைப்பையில் வீட்டுக்கு வந்தது. நொச்சிக்குப்பம் ஹவுசிங் போர்டு வீடு, மூன்றாவது மாடி. அடுத்த ஞாயிற்றுக்கிழமை, பூசைக்குப் போய்வந்த பிறகு, மகள் ஏஞ்சல் கட்டிலில் படுத்தபடி அதைப் புரட்டிக்கொண்டிருந்தாள். ஏஞ்சல் பி.காம் இரண்டாம் வருடம். ஜெசிந்தா துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"மா."

"இன்னா?"

"இதுல எண்ணெ ஊத்தித்தான் ஆக்கணும்னு போட்டுகீது."

"ஆமா."

ஏஞ்சல் எழுந்து உட்கார்ந்தாள். "நம்ம ஊத்தலியே."

"ஊத்தல."

"அப்பாக்கு அவ்ளோ கீரை குட்த்தமே. ரெண்டு வருசம். அதுல ஒண்ணுமே ஒடம்புல சேரலியா?"

"கீரைல வேற சத்துல்லாம் கீது. அது சேர்ந்திருக்கும். இது மட்டும் சேரல."

ஏஞ்சல் தாளைக் கீழே வைத்தாள். கேட்கலாமா வேண்டாமா என்று அவள் தவிப்பது தெரிந்தது. ஜெசிந்தா ஒரு நைட்டியை மடித்து வைத்துவிட்டு அடுத்த துணியை எடுத்தாள்.

"ஊத்திருந்தா அப்பா இருந்திருப்பாரா?"

இந்தக் கேள்வியை ஜெசிந்தா டீக்கடை பெஞ்சிலேயே தனக்குள் கேட்டுப் பார்த்துவிட்டாள். பதில் தயாராக இருந்தது.

"இல்ல. அவரு ரத்தக் குழாய்ல ஏற்கெனவே மூணு எடத்துல அடைப்பு. ஒரு ஸ்பூன் எண்ணெ அத மாத்தாது."

"நிச்சயமாவா?"

"நிச்சயமான்னு எதையும் சொல்லக் கூடாது. எங்க வேலைல அப்டித்தான். ஆனா இல்ல."

"இத எப்டி கண்டுபுட்ச்சீங்க?"

ஜெசிந்தா சொன்னாள். பதினோரு பேர், ஷரீஃப், வைக்கோல், சால்னா, எல்லாவற்றையும். ஏஞ்சல் கேட்கக் கேட்க அழுதாள். சால்னாவை ஊற்றிக்கொள்ளவே இல்லை என்ற இடத்தில் சத்தமாக அழுதாள்.

"அப்ப அப்பாவாலதான இது தெரிஞ்சுது. இதுல அவரு பேரு கீதா?"

"பேரு யாருக்குமே இருக்காது. நம்பர்தான்."

"அந்த நம்பராவது கீதா?"

"இல்ல. எடுத்தாச்சி."

"யாரு எடுத்தா?"

"நான்தான்."

ஏஞ்சல் அழுகையை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தாள். பார்வையில் கோபம் இருந்தது. அதற்குப் பின்னால் பயமும் இருந்தது.

"உனக்கு ஒண்ணுமே ஆவலியாம்மா? அன்னிக்கும் நீ அழல. இன்னிக்கும் நீ பாட்டுக்குத் துணி மட்ச்சிகினு கீற."

"வரல ஏஞ்சலு."

"ஏன் வரல?"

"தெர்ல. வந்தா அழமாட்டனா?"

அது பொய்யில்லை என்று பெண்ணுக்குத் தெரிந்திருக்க வேண்டும். கட்டிலில் நகர்ந்து வந்து, மடிக்காமல் கிடந்த துணிகளில் பாதியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு மடிக்க ஆரம்பித்தாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டே மடித்தாள். இரண்டு பேருமாகத் தலையணை உறை, பாவாடை, துண்டு என்று ஒவ்வொன்றாக முடித்துக்கொண்டு வந்தார்கள்.

கீழே தண்ணீர் லாரியின் ஹாரன் கேட்டது. எல்லா மாடிகளிலும் கதவுகள் திறந்து குடங்கள் இடிபட்டன. ஜெசிந்தா இரண்டு குடங்களை எடுத்தாள். ஏஞ்சல் முகத்தைக் கழுவிக்கொண்டு மூன்றாவதை எடுத்தாள். செருப்பை மாட்டிக்கொண்டு, மற்ற பெண்களுக்கு நடுவில் வழி விட்டும் வழி கேட்டும் இருவரும் படியிறங்கினார்கள்.